கூடைப்பந்து கண்ட ஜேம்ஸ் நெய்ஸ்மித்

நம் கலாசாலைக் கூடைப்பந்துக் குழுவுக்குத் துணைப் பயிற்சியாளர் ஒருவரைத் தெரிந்தெடுக்கும்பொருட்டு இவ்வாண்டு ஒரு சிறு குழு நியமிக்கப்பெற்றதையும், விளையாட்டில் யாதொரு கீர்த்தியும் பெற்றிராத யானும் அக்குழுவில் ஓர் அங்கத்தினனாய் அமர நேர்ந்ததையும் மாணவர் பலர் அறிவர். மாலைதோறும் மைதானத்தோரம் நின்று அவர்கள் நிகழ்த்தும் வாதங்கள் என் செவிக்கு எட்டாமற் போகவில்லை. ஒரு சாரார், பந்தைக் கூடையிற் சேர்ப்பதில் நிகரற்று விளங்கிய பழைய தலைவரே வரவேண்டும் என்கின்றனர். மற்றொரு சாரார், தாம் ஆடிப் புகழ் பெறாவிடினும் பிறரை ஆடச் செய்வதில் பொறுமை காட்டிய ஒருவரைச் சுட்டுகின்றனர். இவ்விரு கட்சியாரின் நியாயங்களையும் சீர்தூக்கிக்கொண்டிருந்த நாட்களில், இவ்விளையாட்டை முதன்முதல் ஆக்கித் தந்த பெரியார் இத்தகைய நியமனங்களைப்பற்றி யாது கருதினார் என அறியும் விருப்பம் எழுந்தது. ஆகவே அவருடைய சரித்திரத்தைத் தேடிப் படிக்கலானேன். படித்ததில் வியப்பைத் தந்தவை பல. அவற்றுள் தலையாயது, கூடைப்பந்தைக் கண்டவரே அவ்விளையாட்டுக்குப் பயிற்சியாளர் வேண்டுவதில்லை என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார் என்பது.

ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1861-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 6-ஆம் நாள், கானடா தேசத்து ஒன்டாரியோ மாகாணத்தில், ஆல்மான்ட் என்னும் ஊரையடுத்த நாட்டுப்புறத்தில், ஸ்காத்லாந்து மரபினரான பெற்றோர்க்கு மகனாய்ப் பிறந்தார். 1870-இல், டைபாய்டு ஜுரம் அவருடைய தந்தையையும் தாயையும் ஒருவர் பின் ஒருவராய்ச் சில கிழமைகளுக்குள் கொண்டுபோயிற்று. தாய்மாமன் பீட்டர் யங் என்பார் பிள்ளைகளைத் தம் பொறுப்பில் ஏற்று வளர்த்தார். அவர் கண்டிப்பு மிக்கவர். சிறுவனுக்கு இட்ட வேலையைச் சிறுவனே முடித்தல் வேண்டும். இடையில் இடர் நேரின் தானே வழி தேடுதல் வேண்டும். உதவி கேட்டு வீட்டுக்கு ஓடி வருதல் அங்கே வழக்கமன்று. இம்மாமனுடைய முறையே பிற்காலத்தில் நெய்ஸ்மித் தம் மாணாக்கரிடம் கைக்கொண்ட முறையாயிற்று என எண்ண இடமுண்டு.

பள்ளிப் படிப்பில் அவர்க்கு அக்காலத்தில் நாட்டம் செல்லவில்லை. ஏறத்தாழப் பதினைந்து வயதிற் பள்ளியை விட்டு மரம் வெட்டும் கூட்டத்தாரோடு காடுகளில் வேலை செய்யச் சென்றார். சில ஆண்டுகள் அங்ஙனம் கழிந்தபின் மனந்திரும்பி, தம்மினும் இளைய பிள்ளைகளோடு அதே பள்ளிப் பலகையில் மீண்டும் அமர்ந்து பயின்று, 1883-இல் மான்ட்ரியால் நகரத்து மக்கில் சர்வகலாசாலையிற் சேர்ந்தார்.

இளமையில் அவர் ஆடிய ஆட்டம் ஒன்றை இங்கே சொல்லாமல் விடுதல் கூடாது. அதனைப் பாறைமேல் வாத்து என்பர். பெரிய பாறையொன்றின்மேல் ஒரு சிறு கல்லை வைத்து, ஒருவன் அதற்குக் காவல் நிற்பான். மற்றவர் தத்தம் கற்களை எறிந்து அதனை வீழ்த்த முயல்வர். வேகமாய் நேரே எறியப்பட்ட கல் குறி தப்பினால் நெடுந்தூரம் ஓடிவிடும். எறிந்தவன் அதனை எடுத்து வருமுன் காவலனிடம் அகப்படுவான். மெல்ல மேலே வளைத்து எறிந்த கல்லோ பாறையினருகே விழும். வேகத்தினும் நிதானமே அங்கு வெல்லும். இச்சிற்றறிவு இருபது ஆண்டுக்குப்பின் உலகத்துக்கெல்லாம் பயன்படும் என்று அந்த நாட்டுப்புறச் சிறுவர் எவர்தாம் கனாக் கண்டிருப்பர்?

மக்கிலில் அவர் 1887-இற் பட்டம் பெற்று, பின்னர் மதகுருவாகும் நோக்கத்தோடு பிரெஸ்பிட்டீரியன் கலாசாலையில் வேத சாத்திரம் பயின்றார். தேகப்பயிற்சிக் கூடத்தில் அவர்க்கு இருந்த பழக்கம் காரணமாக, அங்கு ஆசிரியராய் இருந்தவர் 1889-இல் இறந்தபோது அவ்விடத்தில் இவர் அமர்த்தப்பட்டார். வேத மாணவன் ஒருவன் கால்பந்துக் களத்தில் முட்டி மோதி, கண்ணைச் சுற்றிக் கருமை படர வருவதை அவர்தம் தோழர் விரும்பவில்லை. அவருடைய ஆன்ம நலத்துக்காகச் சிலர் கூடிப் பிரார்த்தித்தனர் என்றும் கூறுவர். இவரோ வேறொன்று கண்டார். ஒரு பந்தயத்திற் பக்கத்தே நின்று ஆடிய தோழன் சினத்தால் தீச்சொல் உதிர்த்தவன், இவர் அருகே இருப்பதை உணர்ந்தவுடன் திரும்பி, இவர் நிற்பதை மறந்துவிட்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டான். இவர் அவனை ஒருநாளும் கண்டித்ததில்லை. ஒரு சொல்லும் உரையாமல், உடன் நின்று ஆடுதலாலேயே ஒருவனுடைய ஒழுக்கத்தைத் தொடமுடியும் என்பது அக்கணத்தில் அவர்க்குத் தெளிவாயிற்று. பிரசங்க மேடையை விட்டு விளையாட்டுக் கூடத்தைத் தம் ஊழியக் களமாக்கிக்கொள்ளத் துணிந்தார். அவருடைய தமக்கை இத்துணிவை ஒருபோதும் முழு மனத்தோடு ஏற்கவில்லை.

1890-இல் அவர் ஐக்கிய அமெரிக்க தேசத்து மாசச்சூசெட்ஸ் மாகாணத்தில் ஸ்பிரிங்பீல்டு நகரில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தார் நடத்திய பயிற்சிப் பள்ளியிற் சேர்ந்தார். அங்கே அவருடன் பயின்றவர் ஆமாஸ் அலான்சோ ஸ்டாக். ஸ்டாக் தாம் அமைத்த கால்பந்துக் குழுவில் நெய்ஸ்மித்தை நடுவில் நிறுத்தினார். அவர் பருமனானவர் அல்லர், ஆயினும் தளராதவர். மறு ஆண்டில் நெய்ஸ்மித் அப்பள்ளியிலேயே ஆசிரியரானார். தேகப்பயிற்சிப் பகுதிக்குத் தலைவராய் விளங்கியவர் லூதர் கியூலிக்.

நிற்க. இனிச் சொல்லப்போவது யாவரும் கேட்டறிந்த கதையே. எனினும் ஒருவரை ஒரு வேலைக்குத் தெரிந்தெடுத்த வகையில் அதனைக் கூர்ந்து நோக்குவார் சிலரே. அவ்வாண்டுக் குளிர்காலத்தில், சங்கங்களின் காரியதரிசிகளாகப் பயிற்சி பெற வந்திருந்த 18 பேர் கொண்ட ஒரு வகுப்பு பெருந்தொல்லையாயிற்று. அவர்கள் வளர்ந்த ஆடவர். வெளியே பனி மூடிக் கிடக்க, உள்ளே அணிவகுத்து நடப்பதும், கையை மேலும் கீழும் வீசுவதும், மரக்குதிரைமேல் தாவுவதும் அவர்களுக்குச் சலிப்பையே தந்தன. அடுத்தடுத்து இரண்டு ஆசிரியர் முயன்று கைவிட்டனர். ஆசிரியர் கூட்டத்தில் இதுபற்றிப் பேச்சு எழுந்தபோது, குறை அம்மாணவரிடம் இல்லை, நாம் அவர்களுக்கு இடும் பயிற்சியிலேயே உள்ளது என நெய்ஸ்மித் வாதித்தார். கியூலிக் அவ்வகுப்பை உடனே அவரிடமே ஒப்புவித்து, உள்ளே ஆடத்தக்க புதிய விளையாட்டொன்றைக் கண்டுபிடிக்க 14 நாள் தவணையும் அளித்தார். குறை கூறுவோன் தலையிலேயே பொறுப்பைச் சுமத்தும் தந்திரம் நம் கூட்டங்களிலும் அறியப்படாததன்று. ஆயினும் கியூலிக் தெரிந்தெடுத்தது வெறும் குறை கூறியவரையன்று. வகுப்பிலுள்ளோரைப் பழிக்க மறுத்தவரையே தெரிந்தெடுத்தார்.

முதற் பன்னிரண்டு நாட்கள் தோல்வியிற் கழிந்தன. கால்பந்தைக் கூடத்துக்குள் ஆடச் செய்தார். மேலே விழுந்து மடக்கும் முரட்டுத்தனத்தால் ஆகவில்லை. லக்ராஸ் ஆட்டத்தைச் சுருக்கிப் பார்த்தார். முகமும் கையும் அடிபட்டன. பழைய ஆட்டங்களை மாற்றி அமைத்தல் பயன் தாராதெனக் கண்டு, ஆட்டங்களின் மூலக்கூறுகளைப் பிரித்து எண்ணலானார். பந்து பெரிதாயும் மென்மையாயும் இருத்தல் வேண்டும். பந்தைக் கையிற்கொண்டு ஒருவன் ஓடுவதாலன்றோ பிறர் அவனை மடக்கி வீழ்த்துகின்றனர்? பந்தோடு ஓடுதலையே விலக்கிவிட்டால் மடக்குதற்குக் காரணமில்லை. இலக்கு நேரே நின்றால் வேகமாய் எறிவர், அஃது ஆபத்து. இவ்விடத்திற் பாறைமேல் வாத்து அவர் நினைவுக்கு வந்தது. இலக்கைத் தலைக்கு மேலே, வாய் மேல்நோக்க வைத்தால் பந்தை மெல்ல வளைத்தே எறிய வேண்டும். வேகத்தால் யாதும் ஆகாது.

மறுநாட்காலை, கூடத்துக் காவற்காரரிடம் பதினெட்டு அங்குலச் சதுரப் பெட்டிகள் இரண்டு கேட்டார். அவரிடம் பெட்டிகள் இல்லை. பீச்சுப் பழக் கூடைகள் இரண்டு இருந்தன. அவற்றை மாடி ஓரத்தின் கீழ்க்கம்பியில் ஆணியடித்துப் பொருத்தினர். அக்கம்பி தரையினின்றும் 10 அடி உயரத்தில் இருந்தது. அதனாலேயே இன்றும் உலகெங்கும் வளையம் 10 அடி உயரத்தில் நிற்கிறது. பெட்டிகள் கிடைத்திருப்பின் இவ்விளையாட்டுக்குப் பெயரே வேறாயிருக்கும். 13 விதிகளை எழுதித் தட்டச்சு செய்வித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். வகுப்பிலிருந்தோர் 18 பேராதலின் பக்கத்துக்கு 9 பேராய் ஆடினர். 1891 டிசம்பரில் நிகழ்ந்த அம்முதல் ஆட்டத்தில் ஒரே ஒரு முறை பந்து கூடையில் விழுந்தது. வகுப்பில் தொல்லைக்குத் தலைவராய் இருந்தவர்களுள் ஒருவரான பிராங்க் மகான் என்பவரே பின்பு இதற்குக் கூடைப்பந்து என்று பெயரிடலாம் என்றார். தம் பெயரையே இடலாம் என்று மகான் முன்னர்க் கூறியதை நெய்ஸ்மித் நகைத்து மறுத்துவிட்டார்.

1892 மார்ச்சு 11-ஆம் நாள் ஆசிரியரும் மாணவரும் பலர் காண ஆடினர். மாணவர் 5-க்கு 1 என்ற கணக்கில் வென்றனர். ஆசிரியர்க்குக் கிடைத்த அந்த ஒன்றும் ஸ்டாக் இட்டது. நெய்ஸ்மித் தாம் கண்ட விளையாட்டைத் தம் வாழ்நாளில் இருமுறையே ஆடினார் என்பர்.

1894-இல் மாட் ஷெர்மன் அம்மையாரை மணந்தார். அடுத்த ஆண்டு டென்வர் நகரத்து வாலிபர் சங்கத்திற் பணியேற்று, அங்கேயே வைத்தியம் பயின்று 1898-இல் டாக்டர் பட்டமும் பெற்றார். அவ்வாண்டில் கான்சாஸ் சர்வகலாசாலைத் தலைவர், தம் மாணவரைக் காலைப் பிரார்த்தனைக்கு நடத்தவும் தேகப்பயிற்சியைப் பார்த்துக்கொள்ளவும் வல்லார் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார். சிகாகோ சர்வகலாசாலைத் தலைவரிடம் விசாரிக்க, அங்கே பயிற்சியாளராயிருந்த ஸ்டாக் தம் பழைய தோழரை முன்மொழிந்தார். அவர் அனுப்பிய தந்தியில் நெய்ஸ்மித் கூடைப்பந்தைக் கண்டவர், வைத்தியர், சமயக் கல்வியுடையவர், மதுவும் புகையும் தொடாதவர், தீச்சொல் அறியாதவர் என்ற செய்திகள் அடங்கியிருந்தன என்பர். எத்தனை பந்தயம் வென்றார் என்னும் செய்தி அதில் இல்லை. இருந்திருக்கவும் இயலாது, அவர் அதுகாறும் எந்தக் குழுவையும் பந்தயத்துக்கு நடத்தியதில்லை.

லாரன்ஸ் நகரிலுள்ள அச்சர்வகலாசாலைக் குழு 1899 பிப்ரவரி 3-ஆம் நாள் தன் முதற் பந்தயத்தில் கான்சாஸ் நகரத்து வாலிபர் சங்கத்தாரிடம் 16-க்கு 5 எனத் தோற்றது. 1907 வரை நெய்ஸ்மித்தின் பொறுப்பில் அக்குழு 55 பந்தயம் வென்று 60 பந்தயம் தோற்றது. அச்சர்வகலாசாலையிற் கூடைப்பந்துக்குப் பொறுப்பேற்ற நெடிய வரிசையில் வென்றதினும் மிகுதியாய்த் தோற்றவர் அவ்விளையாட்டை ஆக்கியவர் ஒருவரே. இதனை அவர் குறையாகக் கொண்டாரில்லை. தம் குழுவினர் ஆடும் பந்தயத்திற் பல வேளை அவரே நடுவராயும் நின்று, தம் மாணவர் பிழை செய்யின் தாமே ஊதித் தண்டித்தார். ஆட்டம் தொடங்கிவிட்டால் அஃது ஆடுவோர்க்கே உரியது. வெளியே நின்று ஒருவர் சிந்திக்க, உள்ளே ஐவர் அதன்படி கைகால் அசைத்தல் கல்வியாகாது என்பது அவர் கொள்கை.

இன்று ஓரத்தில் நின்று ஆர்ப்பரிக்கும் பயிற்சியாளரையும், அவருக்குப் பின்னே வரிசையாய் அமர்ந்த துணைவரையும் கண்டு பழகிய நமக்கு இக்கொள்கை விந்தையாகத் தோன்றலாம். ஆனால் அக்காலத்து விதியும் அவர் பக்கமே நின்றது. 1910 முதல், ஆட்டம் நடைபெறும்போது வெளியிலிருந்து எவரும் ஆட்டக்காரர்க்கு வழி சொல்லுதல் அமெரிக்க விதிகளில் தடை செய்யப்பட்டிருந்தது. இடைநிறுத்தத்தின்போது கல்லூரிப் பயிற்சியாளர் தம் ஆட்டக்காரரோடு பேசலாம் என்ற அனுமதி 1949-இலேதான் வந்தது. அப்போது நெய்ஸ்மித் மறைந்து பத்தாண்டு ஆகியிருந்தது.

அவர் குழுவில் ஆடிய பாரஸ்ட் ஆலன் என்னும் இளைஞர் இதற்கு நேர்மாறான கருத்தினர். 1885-இற் பிறந்த ஆலன், மாணவராயிருந்தபோதே பக்கத்தூரிலுள்ள பேக்கர் கலாசாலையிலிருந்து தங்கள் குழுவுக்குப் பயிற்சியளிக்க வருமாறு அழைப்புப் பெற்றார். செய்தி கேட்ட நெய்ஸ்மித் நகைத்து, இவ்விளையாட்டைக் கற்பிக்க முடியாது, ஆடத்தான் முடியும் என்னும் கருத்துப்பட மொழிந்தாராம். ஆலனோ, தடையின்றி எறியும் எறிகளை ஒழுங்காய் எறியவும், ஒருவர்க்கொருவர் பந்தைக் கடத்தவும் கற்பிக்கலாமன்றோ என்று விடையிறுத்தார். சீடன் குருவின் சொல்லை மீறிப் போனான். போய் வெற்றியும் பெற்றான். 1907-இல் நெய்ஸ்மித் தம் குழுவையே அவ்விளைஞரிடம் ஒப்படைத்தார். ஆலன் இரண்டாண்டு நடத்தி, எலும்பு வைத்தியம் பயிலச் சென்று, 1919-இல் மீண்டு 1956 வரை அங்கே நிலைத்தார். அவருடைய காலத்தில் கான்சாஸ் 590 பந்தயம் வென்றது. இருவரும் ஒரே வளாகத்தில் ஏறத்தாழ இருபதாண்டு உடனிருந்தும், பயிற்சியாளர் வேண்டுமா என்னும் வினாவில் ஒருமைப்பட்டாரில்லை. மனம் கசந்து பிரிந்தாரும் இல்லை. யாருடைய கொள்கை சரியென்று கேட்பின், வெற்றி எண்ணிக்கை ஆலன் பக்கம் என்றே யானும் சொல்வேன். எண்ணிக்கைக்கு அப்பாலும் ஒன்று உண்டு என்பதை அடுத்து வரும் வரலாறு காட்டும்.

இடையில் 1916-இல் மெக்சிகோ எல்லையிற் படையினர்க்குச் சமய குருவாகவும், முதல் உலகப் போரின்போது பிரான்சு தேசத்தில் வாலிபர் சங்க ஊழியராகவும் நெய்ஸ்மித் சென்று வந்தார். 1925-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். விளையாட்டு உலகெங்கும் பரவியும் அதனாற் பொருளீட்ட அவர் முயன்றதில்லை. கடன் தொல்லை அவரை விடாது தொடர்ந்தது.

1933-ஆம் ஆண்டில் ஜான் மக்லெண்டன் என்னும் கறுப்பின இளைஞர் கான்சாஸ் சர்வகலாசாலைக்கு வந்தார். அவருடைய தந்தை, கூடைப்பந்தைக் கண்டவர் அங்கே இருக்கிறார், அவரிடமே போய்ச் சேர் என்று மகனை விடுத்திருந்தார். மக்லெண்டன் நெய்ஸ்மித்தின் அறைக்கு நேரே சென்று, தாம் தேகப்பயிற்சி பயில வந்திருப்பதாகவும், தமக்கு வழிகாட்டி அவரே என்று தந்தை சொன்னதாகவும் கூறினார். முன்பின் அறியாத அவ்விளைஞரை ஏற இறங்கப் பார்த்து, தந்தையர் சொல் தப்பாது என்று ஒப்புக்கொண்டு, அக்கணமே அவரைத் தம் மாணாக்கராய் ஏற்றார் அம்முதியவர். அப்போது அவர்க்கு வயது எழுபதைக் கடந்திருந்தது.

ஆனால் ஆலன் நடத்திய சர்வகலாசாலைக் குழுவில் அக்காலத்திற் கறுப்பின மாணவர்க்கு இடமில்லை. விளையாட்டை ஆக்கியவரின் மாணாக்கர் அவ்விளையாட்டை அதே கூடத்திற் குழுவோடு ஆடக்கூடாது! இதனை எழுதும்போது என் கை தயங்குகிறது. நெய்ஸ்மித்தால் அவ்வழக்கத்தை மாற்ற இயலவில்லை. நீச்சற்குளத்திலும் அதே தடை. தேகப்பயிற்சிப் பட்டத்துக்கு நீச்சல் தேர்ச்சி தேவை. கறுப்பின மாணவர்க்கு நீந்தாமலே தேர்ச்சி அளித்துவிடுதல் அங்கே வழக்கமாயிருந்தது என்பர். மக்லெண்டன் அச்சலுகையை வேண்டாமென்று தள்ளிக் குளத்தில் இறங்கினார். அவர் இறங்கியதற்காகக் குளத்து நீர் முழுதும் வெளியேற்றப்பட்டது. அவர் பின்வாங்கவில்லை, நெய்ஸ்மித் அவர் பக்கம் நின்றார். இறுதியிற் குளம் யாவர்க்கும் திறக்கப்பட்டது.

குழுவில் ஆட இடமற்ற அவ்விளைஞரை நெய்ஸ்மித் என் செய்தார்? பிறர்க்குக் கற்பிக்க அனுப்பினார். லாரன்ஸ் நகரத்து உயர்நிலைப் பள்ளியில் கறுப்பினச் சிறுவர் குழுவைப் பயிற்றும் வேலையை அவரிடம் ஒப்புவித்தார். பயிற்சியாளரே வேண்டாம் என்று சொல்லிவந்தவர் தம் கடைசிக் காலத்தில் ஒருவரைப் பயிற்சியாளராய் ஆக்கினார்! இம்முரண்பாட்டை அவர் உணர்ந்தாரோ, உணர்ந்து நகைத்தாரோ. அவர் மக்லெண்டனுக்குக் கற்பித்தது ஆட்டத் தந்திரங்களைக் காட்டிலும் ஆடும் மனிதரைப்பற்றியது: தசை எங்ஙனம் இயங்குகிறது, உடல் எப்போது தளர்கிறது, தோற்றவனிடம் எங்ஙனம் பேசுவது. எனினும் ஆட்டத்தைப்பற்றிய ஒரு கருத்தும் உண்டு. சிறுவர் தாமாக ஆடுங்காற் பந்து எங்கே உள்ளதோ அங்கேயே அதைப் பறிக்க முயல்வதை நெய்ஸ்மித் அவர்க்குச் சுட்டிக் காட்டினார். அக்காலக் குழுக்கள் தம் கூடையருகே திரும்பி வந்தே தடுத்தல் வழக்கம். களம் முழுதும் நெருக்கி, பந்தைப் பறித்தவுடன் விரைந்தோடித் தாக்கும் முறையை மக்லெண்டன் பின்னாளில் வளர்த்ததற்கு வித்து இதுவே என்று அவரே நன்றியோடு கூறிவந்தார்.

1936-இல் மக்லெண்டன் பட்டம் பெற்றார். கான்சாஸில் தேகப்பயிற்சிப் பட்டம் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. அவ்வாண்டிலேயே பெர்லின் ஒலிம்பிக் விளையாட்டில் கூடைப்பந்து முதன்முறையாய் இடம்பெற்றது. ஆலனும் பிற பயிற்சியாளரும் பந்தயங்களிற் பணம் திரட்டி முதியவரை அங்கே அனுப்பினர். பயிற்சியாளர் வேண்டாம் என்றவரைப் பயிற்சியாளரே சேர்ந்து அனுப்பி வைத்தது அன்பின் செயல். இறுதிப் பந்தயம் திறந்த வெளி மண் தரையில், கொட்டும் மழையில் நடந்தது. சேற்றிற் பந்தைத் தட்டி ஓடவும் இயலாமல், அமெரிக்கர் 19-க்கு 8 எனக் கானடாவை வென்றனர். அவர் பிறந்த நாடும் அவர் குடிபுகுந்த நாடும் எதிர்நின்ற அப்பந்தயத்தின் முடிவில் பதக்கங்களை அவரே வழங்கினார்.

மக்லெண்டன் நெய்ஸ்மித்தின் உதவியோடு அயோவா சர்வகலாசாலை சென்று 1937-இல் மேற்பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே வட கரோலினா மாகாணத்து டர்ஹாம் நகரில் கறுப்பினத்தவர்க்கென நடைபெற்ற கலாசாலையொன்று அவரைக் கூடைப்பந்துக் குழுவுக்குத் துணைப் பயிற்சியாளராய் அமர்த்தியது. கல்லூரிக் குழு எதிலும் ஆடிப் பெயர் பெறாத இருபத்திரண்டு வயது இளைஞர் அவர். அவரைத் தெரிந்தெடுத்தோர் கையில், எந்தப் பந்தயத்தில் எத்தனை எறிந்தார் என்ற பட்டியல் இருந்திருக்க முடியாது. அவர் எவரிடம் பயின்றார், எவரைப் பயிற்றினார் என்பவையே இருந்தன.

அந்த 1937-இலேயே நெய்ஸ்மித் கான்சாஸிலிருந்து ஓய்வு பெற்றார். அவ்வாண்டில் மாட் அம்மையார் காலமானார். 1939-இல் பிளாரன்ஸ் கின்கெய்ட் அம்மையாரை மணந்த சில திங்களில், நவம்பர் 28-ஆம் நாள், லாரன்ஸ் நகரில் தமது 78-ஆம் வயதில் நெய்ஸ்மித் மறைந்தார். விளையாட்டின் பிறப்பும் வளர்ச்சியும்பற்றி அவர் எழுதிய நூல் 1941-இலே வெளிவந்தது. 1959-இல் நிறுவப்பட்ட கூடைப்பந்துப் புகழ்மண்டபத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

டர்ஹாமிற் சேர்ந்த துணைவர் 1940-இல் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 1944 மார்ச்சு 12-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமைக் காலையில், ஊரார் கோவில்களில் இருந்த வேளையில், அவருடைய மாணவரும் டியூக் சர்வகலாசாலை வைத்தியப் பள்ளியின் வெள்ளையர் குழுவும் கதவைத் தாழிட்டு ஆடினர். இரு இனத்தவரும் கூடி ஆடுதலை அம்மாகாணத்து ஒழுங்கு அனுமதியாத காலம் அது. மக்லெண்டன் குழு 88-க்கு 44 என வென்றது. பின்பு இரு பக்கத்தாரும் கலந்து பிரிந்து மறுபடியும் ஆடினர். அவ்வாட்டம் நிகழ்ந்தது ஊருக்குப் பல்லாண்டு தெரியாது. பிற்காலத்தில் டென்னசியில் அவர் நடத்திய குழு 1957, 1958, 1959 ஆகிய மூன்றாண்டும் தொடர்ந்து சிறு கல்லூரிகளின் தேசியப் பரிசைக் கொண்டது. நெய்ஸ்மித் பெயர் பூண்ட புகழ்மண்டபம் 1979-இல் விளையாட்டுக்கு உதவியவர் என்ற வகையில் அவரை ஏற்றது. பயிற்சியாளர் என்ற வகையில் ஏற்றது 2016-இல். அவர் மறைந்து 17 ஆண்டு கழிந்தபின்.

நம் நாட்டுக்கும் இவ்வரலாற்றுக்கும் உள்ள தொடர்பு ஒன்றைச் சொல்லி அமைவேன். 1920-இல் சென்னையில் வாலிபர் சங்கத்தின் தேகப்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிய ஹாரி குரோ பக், நெய்ஸ்மித் கூடைகளை ஆணியடித்த அதே ஸ்பிரிங்பீல்டு பள்ளியிற் பயின்று வந்தவர். அவர் நிறுவிய பள்ளியே நந்தனத்திலுள்ள தேகப்பயிற்சிக் கல்லூரியாய் வளர்ந்தது. நம் மாகாணத்துத் தேகப்பயிற்சி ஆசிரியர் பலர் அங்கிருந்தே புறப்பட்டனர்.

துணைப் பயிற்சியாளரைத் தெரிந்தெடுக்கும் நம் குழு வரும் திங்களன்று மீண்டும் கூடுகிறது. பழைய தலைவரின் விண்ணப்பத்தோடு அவர் பெற்ற கேடயங்களின் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது. அது நெடியது, உண்மையானது, அவரும் நல்லவர். மற்றவரின் விண்ணப்பம் ஒரு பக்கமே. நகராட்சிப் பள்ளியொன்றின் பிள்ளைகளுக்கு நான்காண்டாக விடியற்காலையில் அவர் கற்பித்து வருவது அதில் ஒரு வரியாய்ச் சொல்லப்பட்டிருக்கிறது. சென்ற புதன்கிழமை விடியலில் அப்பள்ளி மைதானத்துக்குச் சென்று சற்றுத் தூரத்தில் நின்று பார்த்தேன். பிள்ளைகள் பதினான்கு பேர், பந்து இரண்டு, வளையத்தில் வலை இல்லை. ஆட்டம் தொடங்கியதும் அவர் ஊதுகுழலைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு, ஓரத்தில் வாய் திறவாமல் நின்றார். என் வாக்கு யாருக்கு என்பதைத் திங்கட்கிழமைக்கு முன் சொல்லுதல் முறையன்று. ஆயினும் மைதானத்தோரம் வாதிடும் மாணவர் அதனை இந்நேரம் ஊகித்திருப்பர்.